சுந்தரம்மாள் ஆட்டை விட்டுவிட்டு ஓடிய நாள்

சுந்தரம்மாளுக்கு ஒரு முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், மறக்காது. ஆட்டு முகமாக இருந்தாலும் சரி, ஆள் முகமாக இருந்தாலும் சரி. நூற்றுப் பதினெட்டு ஆடுகளில் எது காணவில்லை என்று எண்ணிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். "காதுல கறுப்பு விழுந்த மறி எங்க?" என்று அவள் கேட்கும்போது புருஷன் சீனி இருபதோ முப்பதோதான் எண்ணி முடித்திருப்பான். கல்யாண வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். இவள் யார் வரவில்லை என்று பார்ப்பாள். பார்த்ததோடு நிற்காமல் சத்தமாகவும் சொல்லிவிடுவாள். சொந்தக்காரர்களிடம் அவளுக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு.

ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே. ஊர் என்று ஒன்று இருக்கிறதே தவிர, வருஷத்தில் முக்கால்வாசி நாள் புருஷனும் பெண்டாட்டியும் கிடையோடுதான். அறுவடை முடிந்த கரிசல் புஞ்சையில் ராத்திரி ஆடுகளை அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் விழுந்து நிலம் உரமேறும். நாலைந்து நாள் வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரியின் புஞ்சை, அப்புறம் அடுத்தவர் புஞ்சை. இப்படியே கயத்தாறு, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் என்று ஒரு சுற்று வந்துவிடுவார்கள்.

முப்பத்தொன்பதாவது வயதில் அவளுக்குக் கால் வீங்கியது. நாளெல்லாம் நிற்கிற கால் வீங்கத்தானே செய்யும் என்று அவளே வைத்தியம் சொல்லிக்கொண்டு ஆறு மாதத்தை ஓட்டினாள். அப்புறம் ஒருநாள் மூச்சு முட்டி, கோவில்பட்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள், நாலு மணி நேரம், டயாலிசிஸ். சுற்றி வெயில் கொளுத்துகிற கரிசல்காட்டில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று கட்டளை. வெங்காயம் உரிக்கும்போதுகூட அழாதவள், சீனி செம்பைத் தூக்கிக் கடகடவென்று குடிக்கிற சத்தத்தைக் கேட்டு ஒருநாள் அழுதாள். அதற்குப் பிறகு சீனி அவள் கண்ணுக்கு மறைவாகப் போய்த்தான் தண்ணீர் குடிப்பான்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் மாற்றுக் கிட்னிக்குப் பெயர் பதிந்து வைத்திருந்தாள். யாராவது மூளைச்சாவு அடைந்து, அவர்கள் வீட்டார் மனமுவந்து கொடுத்தால், வரிசைப்படி கூப்பிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் ரத்தம் கொடுத்துவிட்டு வர வேண்டும். அவள் பதிந்து நாலு வருஷம் ஆகப்போகிறது. இதற்கிடையில் டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் செய்திருந்த நரம்பு அடைத்துப்போய், வலது கைக்கு மாற்றினார்கள். இந்தக் கையும் அடைத்துக்கொண்டால் ரொம்பச் சிரமம் என்று டாக்டர் சொன்னார். எத்தனை மாதம் தாங்கும் என்று அவள் கேட்டதற்கு அவர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். சுந்தரம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

மதுரையில் ரத்தம் கொடுக்கிற வரிசையில்தான் அவள் கண் வேலை செய்தது. நாற்பது பேர் வரைக்கும் நிற்பார்கள், எல்லாம் தெரிந்த முகங்கள். ஒரு தடவை பச்சைக் கட்டம் போட்ட சட்டைக்காரரைக் காணோம். விசாரித்தாள். ஆபரேஷன் ஆகிவிட்டது, நன்றாக இருக்கிறார், வில்லாபுரம் என்றார்கள். அடுத்த தடவை பெரிய மூக்குத்தி போட்ட அம்மாளைக் காணோம். அவர்களுக்கும் ஆகிவிட்டது, அண்ணா நகர். அதற்கடுத்த தடவை, காலேஜ் பேக்கோடு வருகிற பெண். அதுவும் மதுரைக்குள்ளேதான். செத்துப்போனவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஆபரேஷன் ஆகி வரிசையை விட்டுப் போன முகங்கள் ஏழு. ஏழும் டவுனுக்குள் இருக்கிற முகங்கள். சாத்தூர், விளாத்திகுளம், கயத்தாறு முகங்கள் எல்லாம் அப்படியே வரிசையில் நின்றன, கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு.

கிடையில் ஒரு மூலையில் மட்டும் ஆடு குறைந்துகொண்டே போனால் அந்த மூலையில் வேலி சரியில்லை என்று அர்த்தம். இதற்குப் படிப்பு எதற்கு? வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவர் பரமசிவன், புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிற ஆள், அவளைப்போலவே நாலு வருஷமாக நிற்பவர். அவரிடம் சொன்னாள்.

"அண்ணாச்சி, நம்ம பக்கத்து ஆளு ஒருத்தருக்குக்கூட வரலியே, பாத்தியளா?"

"எல்லாம் தலையெழுத்து தங்கச்சி."

"தலையெழுத்து ஊரு பாத்தா எழுதும்? நீங்க நில்லுங்க, நான் கேட்டுட்டு வாரேன்."

கிட்னி வந்தால் பட்டியலைப் பார்த்து யாருக்குப் போன் போடுவது என்கிற வேலை கோஆர்டினேட்டர் சதீஷ்குமாருடையது. நல்ல பிள்ளை. நாள் பூராவும் போனில் கெஞ்சியும் திட்டு வாங்கியும் காலம் தள்ளுகிறவர். சுந்தரம்மாள் போய் அவர் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"தம்பி, எங்க பக்கத்து ஆளுவள நீங்க ஏன் கூப்பிடுததே இல்ல?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. எல்லாம் கம்ப்யூட்டர் லிஸ்ட். ரத்த குரூப், எத்தனை நாளா காத்திருக்காங்க, அதெல்லாம் வச்சுத்தான் வரும்."

"பச்சைக் கட்டஞ் சட்டைக்காரரு எனக்கு ஒண்ணரை வருசம் பொறவு வந்தவரு. அவருக்கும் எனக்கும் ஒரே ரத்தம். நான் விசாரிச்சிட்டுத்தான் வாரேன்."

சதீஷ்குமார் அவள் பெயரைத் தட்டிப் பார்த்தார். பார்த்தவர் முகம் மாறியது.

"உங்க பேரு மூணு தடவ முதல்ல வந்திருக்கும்மா."

"வந்து?"

"நாலு மணி நேரத்துக்குள்ள வர முடியாதவங்களத் தாண்டி அடுத்த பேருக்குப் போயிருவோம்மா. எடுத்த கிட்னிய ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாது. நீங்க வந்து சேர ரெண்டு நாள் ஆகும்னு போட்டிருக்கு. நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

அவளுக்கு ஞாபகம் வந்தது. பதிகிற அன்றைக்கு ஒரு நர்ஸ் கேட்டாள், "கூப்பிட்டா உடனே கிளம்பி வர எவ்வளவு நேரமாகும்?" என்று. அப்போது கிடை கயத்தாறு பக்கம் கிடந்தது. கிளம்புவது என்றால் ஆடுகளை ஊருக்கு ஓட்டிக்கொண்டுபோய் அடைத்துவிட்டுத்தானே கிளம்ப வேண்டும்? மேய்த்துக்கொண்டே போனால் இரண்டரை நாள். ஆத்திர அவசரத்துக்கு விரட்டிக்கொண்டு போகலாம் என்று அரை நாளைக் குறைத்து இரண்டு நாள் என்று சொல்லியிருந்தாள். ஆட்டை நடுப்புஞ்சையில் விட்டுவிட்டு ஒருத்தி பஸ் ஏறலாம் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. அந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் எட்டாது.

மூன்று தடவை! முன்பின் தெரியாத யாரோ கண்ணை மூடி, அவர்கள் வீட்டார் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கிட்னி மூன்று தடவை அவள் பெயருக்கு வந்து, 'ரெண்டு நாள்' என்பதைப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருக்கிறது. சுந்தரம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏந் தம்பி, நான்தான் கூறுகெட்டவ, ஆட்டையும் சேத்துச் சொல்லிட்டேன். எழுதுனவிய ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா? கோவில்பட்டியிலேருந்து மதுரைக்கு ரெண்டு நாளா ஆகும்? காலைல ரயிலேறி இந்தா உங்க முன்னால நிக்கேம்லா?"

சதீஷ்குமார் சமாளிப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னும் ஏறியிருக்கும். அவர் மற்ற வெளியூர்ப் பெயர்களைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். பரமசிவன் 'அரை நாள்' என்று சொல்லியிருந்தார். மினிபஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தையும், அது வராமல் போனால் ஆகிற நேரத்தையும் சேர்த்துச் சொன்னாராம். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிப் பத்து நாள் அலையவைக்கிற தையல்காரர்களைத்தான் ஊருக்குத் தெரியும். கூட்டிச் சொல்லி மாட்டிக்கொண்ட தையல்காரர் இவர் ஒருவர்தான். விளாத்திகுளத்துக்காரர் 'பஸ் இருந்தா வருவேன்' என்று சொல்ல, எழுதியவர்கள் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார்கள். காலி என்றால் வரமாட்டார் என்று கணக்கு. மதுரைக்காரர்கள் எல்லாரும் அரை மணி என்று சொல்லியிருந்தார்கள். அதை யாரும் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை.

பெரிய டாக்டரம்மாவிடம் விஷயம் போனது. அந்தம்மாள் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "உங்களை நம்பிக் கூப்பிட்டு, நீங்க வர லேட்டாகி, அந்தக் கிட்னி யாருக்கும் இல்லாமப் போச்சுன்னா நான் என்ன பண்றது?" என்றார்கள். நியாயமான கேள்விதான்.

"நம்ப வேண்டாம். ஒருநாள் சொல்லாமக் கொள்ளாம எல்லாருக்கும் போன் போடுங்க. வாரமா இல்லியான்னு பாருங்க" என்றாள் சுந்தரம்மாள்.

அப்படியே செய்தார்கள். ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு வெளியூர்க்காரர்கள் பத்தொன்பது பேருக்குப் போன் போனது. பதினாறு பேர் நாலு மணி நேரத்துக்குள் வந்து நின்றார்கள். பரமசிவன் கழுத்தில் அளவு டேப் தொங்க வந்தார். சுந்தரம்மாள் இரண்டு மணி ஐம்பது நிமிஷத்தில் வந்தாள், பாதத்தில் கரிசல் மண் காயாமல். டாக்டரம்மா ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு சதீஷ்குமாரிடம், "இனிமே யாரையும் எவ்வளவு நேரமாகும்னு கேக்காதீங்க. தூரத்த நம்மளே பாத்து, தூரமா இருக்கவங்களுக்கு முதல்ல போன் போட்டு, கார் கிடைக்கலன்னா நம்மளே ஏற்பாடு பண்ணணும். பேரைத் தாண்டிப் போற வேலையே கூடாது" என்றார்கள். அன்றைக்கே பட்டியல் மாறியது. ஊர் திரும்பும் வழியில் பரமசிவனும் விளாத்திகுளத்துக்காரரும் அவளுக்குச் சேவுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார்கள். உப்பு ஆகாது என்று அவள் தொடவில்லை. கிடைக்கு வந்ததும் பொட்டலத்தைச் சீனி தின்றான்.

ஆனால் புறப்படும்போது டாக்டரம்மா அவளிடம் தனியாக ஒன்று கேட்டிருந்தார்கள். "போன் வர்ற நேரத்துல நீங்க மட்டும் ஆட்டோட இருந்தா?" ஒத்திகை அன்றைக்கு ஆட்டைப் பார்த்துக்கொள்ளச் சீனி பக்கத்தில் இருந்தான். அவன் இல்லாமல் இருந்தால்? அடுத்தவன் வெள்ளாமையில் ஆடு விழுந்தது என்கிற பேச்சு அவள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இல்லை.

"உன்ன விட்டுட்டு நான் எங்கனயும் போவ மாட்டேன்" என்று சீனி சொன்னான். சொன்னபடி இருந்தான். கிடை போடுவதிலும் சுந்தரம்மாள் சட்டம் கொண்டுவந்தாள். போன் சார்ஜ் போட வீடோ மோட்டார் ரூமோ பக்கத்தில் இல்லாத புஞ்சைக்குக் கிடை வராது. புதுப் புஞ்சைக்குப் போனால் முதல் வேலை பக்கத்தில் யாரிடம் கார் இருக்கிறது என்று விசாரிப்பது. "கிடை போடப் போறமா, மாப்பிள்ளை அழைப்புக்குப் போறமா?" என்று சீனி முனகுவான். முனகிவிட்டு அவன்தான் டிரைவர் நம்பரை வாங்கிக்கொண்டு வருவான்.

பங்குனியில் கிடை பாஞ்சாலங்குறிச்சி பக்கம் பெத்தம்மாள் புஞ்சையில் கிடந்தது. பெத்தம்மாள் ஐம்பது வயதுச் சம்சாரி, வாய் நீளம், மனசு அதைவிட நீளம். அன்றைக்குக் காலையில் ஒரு கிடா வயிறு உப்பி விழுந்துவிட்டது. "ஒரு மணி நேரத்துல வந்துருதேன்" என்று சீனி அதைத் தூக்கி பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டப்பிடாரம் மாட்டாஸ்பத்திரிக்குப் போனான். ஐந்து மாதத்தில் அன்று ஒருநாள்தான் அவளைத் தனியாக விட்டான்.

ஒன்பது இருபதுக்குப் போன் அடித்தது.

"அம்மா, சதீஷ்குமார். கிட்னி வந்திருக்கு, உங்க பேரு முதல்ல. ஒண்ணேகாலுக்குள்ள வந்துருங்க. எதுவும் சாப்பிடாதீங்க, குடிக்காதீங்க."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சோளத்தட்டை அறுத்த புஞ்சையில் ஆடுகள் பரவி நின்றன. வரப்புக்கு அந்தப் பக்கம் வேறொருவருடைய மிளகாய், பழமாகச் சிவந்து, பறிப்புக்கு நின்றது. சீனிக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். கார் டிரைவர் சுடலைராஜுக்கு அடித்தாள். பத்து நிமிஷத்தில் ரோட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். மூன்றாம் தடவை சீனிக்கு அடித்தாள். எடுக்கவில்லை. பெத்தம்மாளுக்கு அடித்தாள்.

"யக்கா, கிட்னி வந்திருச்சாம். மதுரைக்குக் கூப்பிடுதாவ."

"கெளம்புட்டி அப்ப!"

"ஆடு தனியா நிக்கே யக்கா. அவரு ஓட்டப்பிடாரத்துல..."

"ஏட்டி, உசுரு பெருசா ஆடு பெருசா? நான் வந்து பாத்துக்கிடுதேன். நீ போங்கேன்லா!"

பெத்தம்மாள் வீட்டிலிருந்து வந்து சேரக் கால் மணி நேரமாவது ஆகும். சுந்தரம்மாள் தழை ஒடிக்கிற தொரட்டிக் கம்பைக் கரிசலில் ஊன்றி நிறுத்தினாள். ரோட்டைப் பார்த்து நடந்தாள். பத்தடி போனதும் பின்னால் ஒரு ஆடு கத்தியது. எது என்று அவளுக்குத் தெரியும், அந்தக் காதில் கறுப்பு விழுந்த மறிதான். திரும்பிப் பார்த்தால் கால் நின்றுவிடும். அதனால் ஓடினாள். ஓடி நாலு வருஷம் ஆகிறது; நெஞ்சு திணறியது, சேலை தடுக்கியது, செருப்பு ஒன்று பிய்ந்து பின்னால் கிடந்தது. அழுதுகொண்டே ஓடினாள். பெற்ற பிள்ளையைச் சந்தையில் விட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது அவளுக்கு.

கார் எட்டயபுரம் தாண்டியதும், "மொளகாய்க்குள்ள போயிருக்கும், இல்லியா?" என்று கேட்டாள்.

"போனாப் போவட்டும் சித்தி. மொளகாய் அடுத்த வருசமும் காய்க்கும்" என்றான் சுடலைராஜ். அவனுக்கு வயது இருபத்தாறு. அவளுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனாலும் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

ஆடு மிளகாய்க்குள் போகத்தான் செய்தது. ஆனால் நாலு செடியோடு சரி. பதினோரு மணிக்குச் சீனி, பிழைத்த கிடாயோடும் சைலண்ட்டில் கிடந்த போனோடும் திரும்பி வந்து பார்த்தபோது, ஆயுசு முழுக்க ஆட்டைக் கண்டால் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்த பெத்தம்மாள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொரட்டியை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்தபடி வரப்பில் நின்றாள். நிறைய ஏசியதில் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"ஏன் அண்ணாச்சி, இதுகளுக்குப் பேரு கீரு உண்டா? எப்படிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குது. போங்க, போங்க, நீங்களும் மதுரைக்குப் போங்க. இதுகள நானே இன்னிக்கு ஒரு வழி பண்ணிருதேன்."

சீனியும் ஆட்டை விட்டுவிட்டுப் போனான். அவன் மைத்துனன் கண்ணபிரான் சாயங்காலம் வந்து சேரும்வரைக்கும் பெத்தம்மாள்தான் மேய்த்தாள். ஒரு ஆடு குறையவில்லை.

சுந்தரம்மாள் பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரிப் படியேறினாள், ஒற்றைச் செருப்போடு. அங்கே பரமசிவன் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் போன் வந்திருந்தது. மதுரை வாத்தியார் ஒருவருக்கும் வந்திருந்தது. மூன்று பேரையும் கூப்பிட்டு ரத்தப் பொருத்தம் பார்ப்பார்கள், பொருந்துகிறவர்களில் பட்டியலில் மேலே இருக்கிறவருக்குத்தான். இருந்தது ஒரு கிட்னி. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். சதீஷ்குமார் வந்து சுந்தரம்மாள் பெயரைச் சொன்னார்.

அவள் எழுந்திருக்கவில்லை. பரமசிவனைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி..."

"போ தங்கச்சி. நாலு வருசத்துல இன்னைக்குத்தான் எனக்குப் போன் அடிச்சிருக்கு. இன்னைக்கு எனக்கு அது போதும்."

ஏதோ தேற்றுவதற்காகச் சொன்னதல்ல. அவர் முகம் உண்மையிலேயே தெளிவாக இருந்தது. ஆவணியில் அவருக்கு மறுபடி போன் வந்தது, அது அவருக்கே பொருந்தியது. அதற்கு முன்னாலேயே சாத்தூர்க்காரப் பெண் ஒருத்திக்கு ஆகியிருந்தது. இதெல்லாம் பின்னால் நடந்தது.

ஆபரேஷன் அறைக்குள் போகும்போது சுந்தரம்மாள், கொடுத்தது யார் என்று கேட்டாள். சொல்லக் கூடாது என்றார்கள். எந்தத் திசையில் கும்பிடுவது என்று தெரியாமல், படுத்தபடியே கூரையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கிட்னி கெட்டுப்போனவர்களுக்கு நாளாக நாளாக மூத்திரமே நின்றுவிடும். சொல்லக் கூச்சப்படுகிற விஷயம், அதனால் வெளியே தெரியாது. சுந்தரம்மாளுக்கு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. புதுக் கிட்னி பிடித்துக்கொண்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள டாக்டர்கள் காத்திருப்பதும் அதற்குத்தான். மறுநாள் காலையில் நர்ஸ் வந்து கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைத் தூக்கிக் காட்டினாள். முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"இது யாருது?" என்றாள் சுந்தரம்மாள்.

"உங்களுதுதான்மா."

அவள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

நர்ஸ் வெளியே போய் வராந்தாவில் நின்ற சீனியிடம் சொன்னாள். சீனி வீட்டுக்குள் அதிகம் பேசாத ஆள். ஆனால் கரிசல்காட்டில் ஒரு மைல் தள்ளி நிற்கிற ஆட்டைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"எம் பொண்டாட்டி ஒண்ணுக்குப் போயிட்டா!"

வராந்தாவில் டயாலிசிஸுக்குக் காத்திருந்தவர்கள் பதினைந்து இருபது பேர். அவர்கள் யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையைத் தூக்க முடியாத ஒரு அம்மாள், மற்ற கையால் நாற்காலியைத் தட்டினாள்.